கறுத்தது, மெதுவானது, பெருசு பெருசா

மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே வீடெல்லாம் தேடும் வயதுக்கு வந்துவிட்ட என் தோழிகளே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். பிள்ளைகளுக்குச் சொன்னால் பாதியிலேயே போனைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். போன வாரம் மல்கிரேவில் நம்மில் ஒருத்தியின் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது என் மகள் ஒரு கேள்வி கேட்டாள், ஞாபகம் இருக்கிறதா? அரபு நாட்டில் பெண்கள் கறுப்பு அபாயா அங்கி போடுவது அவர்களாக விரும்பியா, யாராவது சொல்லியா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நீங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னீர்கள். ஒருத்தி சட்டம் என்றாள், ஒருத்தி மார்க்கம் என்றாள், ஒருத்தி மாமியார் என்றாள். என் வாயில் பற்றீஸ் இருந்ததால் நான் பேசவில்லை. பேசியிருந்தால் "டெலிபோன்" என்று சொல்லியிருப்பேன். எங்கள் வீட்டுக்குக் கறுப்பு வந்தது டெலிபோனால்தான்.

அப்போது எனக்குப் பத்துப் பதினொரு வயது. மெல்பேர்ணில் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். எங்கள் டெலிபோன் குசினிச் சுவரில் தொங்கும். பச்சை நிறம், சுருள் சுருளான வயர். அந்த வயரைப் பிடித்து இழுத்துக்கொண்டே உம்மா அடுப்பு வரைக்கும் போய்க் கறியைக் கிளறிவிட்டு வருவார். வெளிநாட்டுக்குப் பேசுவதென்றால் அந்தக் காலத்தில் கத்துவதுதான். நாம் சொன்னது ஒரு சுற்றுச் சுற்றி நம் காதுக்கே திரும்பி வரும். பேச்சின் தலையோ வாலோ எங்காவது கடலுக்குள் விழுந்துவிடும்.

உம்மாவின் தங்கை, என் சாச்சி, கலியாணம் முடித்த நாளிலிருந்து சவூதியில் ஜித்தாவில் இருந்தார். சாச்சாவுக்கு அங்கே வேலை. பல வருடங்களுக்குப் பிறகு அந்தக் கோடை விடுமுறைக்குத்தான் எங்களிடம் வருவதாக இருந்தது. சாச்சாவுக்கு லீவு கிடைக்கவில்லை, சாச்சி மட்டும் வந்தார். புறப்படுவதற்கு முன் ஒரு நாள் உம்மா டெலிபோனில் கத்தினார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"வரக்குள்ள ஈத்தம்பழம் கொண்டு வா புள்ள. கறுத்ததாப் பாத்து எடு. மெதுவானது, நல்லா மினுங்கணும். பெருசு பெருசா எடு. இங்க நம்மட பொம்புளையள் எல்லாருக்கும் குடுக்கணும். நோம்பும் வருகுது."

நம் பெண்களின் வீடுகளில் பேரீச்சம்பழத்துக்கு ஈத்தம்பழம் என்றுதான் பெயர். அப்போது இங்கே கடையில் கிடைத்ததெல்லாம் கேக்கில் போடும் காய்ந்த பைக்கற் பழம். நல்ல கறுத்த பழம் உம்மாவின் நெடுநாள் ஏக்கம். ஆனால் முதல் வசனத்தைக் கடல் விழுங்கிவிட்டது. ஜித்தாவில் சாச்சியின் காதில் விழுந்தது "கறுத்ததாப் பாத்து எடு" என்பதிலிருந்துதான். கறுத்தது, மெதுவானது, மினுங்குவது, பெருசு பெருசாக, நம்முடைய பெண்கள் எல்லோருக்கும், நோன்புக்கு முன்னால். ஜித்தாவில் இருக்கும் ஒருத்திக்கு அது வேறு எதைக் குறிக்கும், நீங்களே சொல்லுங்கள்?

 "சரி ராத்தா" என்று மட்டும் அக்காவுக்குச் சாச்சி சொன்னாராம்.

சாச்சி தொழுகை தவறாதவர். கடவுளோடு அவருக்கு ஒரு சண்டையும் இல்லை. சண்டையெல்லாம் அந்த உடுப்போடுதான். ஊரில் அவர் வளர்ந்தது நிறநிறமான சேலைகளோடு. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டால் முக்காடு, அவ்வளவுதான். ஜித்தாவில் வாசலைத் தாண்டுவதென்றால் அபாயா போட்டே ஆகவேண்டும், அது அந்நாட்டுச் சட்டம். "மனசாப் போட்டா அது உடுப்பு, சட்டத்துக்குப் போட்டா அது யூனிபோம்" என்று எனக்குப் பல வருடம் கழித்துச் சொன்னார். மெல்பேர்ணில் இருக்கும் மூன்று மாதமும் தன் இஷ்டப்படி உடுத்தித் திரியவேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. அதற்காகவே சேலைகளையும் சல்வார்களையும் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். அந்த டெலிபோனுக்குப் பிறகு அவற்றில் பாதியை வெளியே எடுத்துவிட்டு அந்த இடத்தில் அபாயாக்களை அடுக்கினார். தாய்போல வளர்த்த ராத்தா கேட்டால் மறுத்துப் பேசுவது எங்கள் குடும்பத்தில் இல்லை.

விமானம் ஜித்தாவை விட்டு மேலே ஏறியதும் பல பெண்கள் அபாயாவைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துவிடுவார்களாம். சாச்சி மட்டும் கழற்றவில்லை. எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்குப் போக மணி அடித்த பிறகும் தன்னை மட்டும் வகுப்பில் இருத்தி வைத்ததுபோல இருந்தது என்றார்.

விமான நிலையத்தில் உம்மா தன் நல்ல சேலையை உடுத்தி, வழுக்கி வழுக்கி விழும் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நின்றார். கதவு திறந்து தலையிலிருந்து கால்வரை கறுப்பாக ஒருவர் வந்து கட்டிப் பிடித்தபோது உம்மாவுக்கு ஒரு கணம் ஆளே தெரியவில்லை. காரில் ஏறும்போது வாப்பா உம்மாவின் காதில் சொன்னார், "உன்ட தங்கச்சி நல்லா மாறிட்டா."

"அது அவட விருப்பம். நாம ஒண்டும் கதைக்கப்படாது" என்றார் உம்மா.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தார்கள். சந்தனப் புகையும் அத்தரும் கலந்த ஒரு வாசம் அறை முழுக்க எழுந்தது. இன்றைக்கும் எங்காவது அந்த வாசம் வந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு பத்து வயதுக்குப் போய்விடுவேன். மேலே ஆறு அபாயா, ஒவ்வொன்றும் மினுங்கும் பைக்குள். தொட்டால் கையில் நிற்காமல் வழுக்கும் துணி. உம்மா அவற்றைத் தூக்கித் தூக்கி அடியில் பார்த்தார். ஈத்தம்பழம் இல்லை.

இங்கேதான் நம் ஆட்களின் நல்ல பழக்கம் ஒன்று எல்லாவற்றையும் கெடுத்தது. வந்தவர் கொண்டு வந்ததைப் பாராட்டலாம், கொண்டு வராததைக் கேட்கக்கூடாது. கேட்டால் மரியாதைக் குறைவு. உம்மா கேட்கவில்லை. விலை கூடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். "மாஷா அல்லாஹ், என்ன மெதுவான துணி!" என்றார். "பெருசாத்தான் எடுத்தன் ராத்தா" என்றார் சாச்சி. அது உண்மை. ஒவ்வொன்றுக்குள்ளும் நானும் தம்பியும் சேர்ந்து நுழைந்து கூடாரம் கட்டலாம். கட்டவும் செய்தோம்.

மறுநாளே உம்மா ஒன்றைப் போட்டுக்கொண்டார். தங்கை அபாயாவோடு பக்கத்தில் வரும்போது தான் சேலையில் நடந்தால் அவள் மனம் நோகும் என்பது உம்மாவின் கணக்கு. ராத்தா ஆசையாகக் கேட்டு வாங்கிப் போட்டுவிட்டார், இனி நான் எப்படிக் கழற்றுவது என்பது சாச்சியின் கணக்கு. உம்மா குள்ளம். அபாயாவின் விளிம்பு சுப்பர்மார்க்கெட் தரையைக் கூட்டிக்கொண்டே போகும். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதில் வெங்காயச் சருகு ஒட்டியிருக்கும்.

மற்ற ஐந்தும் நம் பெண்களுக்குப் போயின. ஜித்தாவிலிருந்து சுமந்து வந்ததை வேண்டாம் என்று எந்த வாய் சொல்லும்? எல்லோரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். கொடுத்தவர் வீட்டுக்கு வரும்போது அதைப் போடாமல் வருவது அழகா? எல்லோரும் போட்டுக்கொண்டு வந்தார்கள். டொக்டர் மாமியும் அதில் ஒருவர். ஆஸ்பத்திரியில் கால்சட்டையும் கோட்டுமாகத் திரிபவர், நம் பெண்களிலேயே முதலில் சொந்தமாகக் கார் ஓட்டியவர். முதலில் தூக்கி எறியப்போவது அவர்தான் என்று பெரியவர்கள் தங்களுக்குள் பேசிச் சிரித்ததை நான் கேட்டேன்.

இதில் மாட்டிக்கொண்டவர் வாப்பா. வேலைக்குப் போகும்போது எந்த டை கட்டுவதென்றுகூட உம்மாவைக் கேட்கும் மனிதர் அவர். பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்கார அன்ரி இருந்தார். வேலிக்கு மேலால் எங்களுக்கு எலுமிச்சம்பழம் தருவார். உம்மா திடீரென்று கறுப்பில் உடுப்புக் காயப்போடுவதைக் கண்டதிலிருந்து அவர் வாப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். வாப்பா கையசைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விடுவார். ஒரு நாள் வேலியோரம் உம்மாவைக் கூப்பிட்டு, வீட்டில் எல்லாம் நலம்தானா, ஏதாவது என்றால் எந்த நேரமும் என் கதவைத் தட்டலாம் என்று மெல்லிய குரலில் சொன்னார். உம்மாவின் ஆங்கிலத்துக்கு அது அன்பான விசாரிப்பாக மட்டுமே பட்டது. உள்ளே போய் ஒரு கோப்பை இனிப்பு வட்டிலப்பம் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் எங்கள் கூட்டத்தின் பெரியவரான ஹாஜியார் வாப்பாவைக் கட்டித் தழுவினாராம். "மாஷா அல்லாஹ்! வீட்ட எப்பிடி வெச்சிரிக்கணும் எண்டு உங்களப் பாத்துத்தான் படிக்கணும். நீங்கதான் ஆம்புள!"

வாப்பா வீட்டுக்கு வந்து கதிரையில் விழுந்தார். "வேலிக்கு அங்கால இரிக்கிறவ என்னப் பேய் எண்டு நினைக்கிறா. ஹாஜியார் என்ன ஒரு மகான், அவுலியா எண்டு நினைக்கிறார். நான் என்ன செஞ்சன்? எனக்குத் தேத்தண்ணி தாறதுக்கே ஆளில்ல."

இப்போது யோசித்தால் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் கோபமும் வருகிறது. ஒருவர் முகத்தைத் திருப்பினார், ஒருவர் பாராட்டினார். ஏன் உடுத்தினாய் என்று உடுத்தியவளிடம் கேட்க வேண்டுமென்று இருவருக்கும் தோன்றவில்லை. ஒரு பெண்ணின் உடுப்பைப் பார்த்ததும் அவளுடைய புருஷனைத் தேடுவதில் அந்த இருவரும் ஒரே ஆள்தான்.

சாச்சியின் விடுமுறையோ கரைந்துகொண்டிருந்தது. பகலில் உம்மா வேலைக்குப் போனபின் அவர் உம்மாவின் அலுமாரியைத் திறந்து சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் விரிப்பார். தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்ப்பார். என்னைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடுவார். ஒரு நாள் என் தலையை வாரிக்கொண்டே கேட்டார்.

"உம்மா எப்ப இரிந்து இப்பிடி அபாயா போடுறா?"

"நீங்க வந்ததில இரிந்து சாச்சி."

சாச்சி பெருமூச்சு விட்டார். "பாவம் ராத்தா. இது வந்து சேருமட்டும் காத்துக்கொண்டு இரிந்திரிக்கா."

பாருங்கள், உண்மை வாசல்வரை வந்து செருப்பைக் கழற்றியது, உள்ளேதான் வரவில்லை.

பிறகு வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை. வடக்குக் காற்று அடித்தால் மெல்பேர்ண் எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அடுப்பு மூடியைத் திறந்து முகத்தை நீட்டியதுபோல இருக்கும். அன்றைக்கென்று பார்த்து எல்லாக் குடும்பங்களும் மோர்டியாலொக் கடற்கரைக்குப் போக ஏற்பாடு. எங்கள் காரின் ரெக்சின் இருக்கை தொடையைச் சுட்டது. ஆண்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பார்பிக்யூ அடுப்படியில் நின்றார்கள். பெண்கள் ஏழு பேரும் ஒரு மரத்தடியில் பாய் விரித்து அபாயாக்களில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒவ்வொருத்தியும் மற்றவளை விட்டுக்கொடுக்காமல் வியர்த்துக்கொண்டிருந்தாள். விசிறுவதற்குக் காகிதத் தட்டுகள் போதவில்லை.

நாயோடு நடந்து வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பாயருகே வந்ததும் நின்றார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார். உங்கள் இழப்புக்கு என் அனுதாபங்கள் என்று தலை குனிந்து சொல்லிவிட்டு நாயையும் இழுத்துக்கொண்டு போனார்.

"தேங்க் யூ" என்றார் உம்மா, பணிவாக.

டொக்டர் மாமி அதைத் தமிழில் சொன்னார். "யாரோ மவுத்தாப் போனதெண்டு நினைச்சிட்டார் மனிசன்."

எல்லோரும் சிரித்தார்கள். உம்மா சிரிக்கவில்லை. அவருடைய முகம் சிவந்து உதடு வெளுத்திருந்தது. எழும்பப் பார்த்தார், கால் மடங்கி மரத்தில் சாய்ந்தார். சாச்சி ஒரே பாய்ச்சலில் எஸ்கி ஐஸ்பெட்டியைத் திறந்து ஐஸ் தண்ணீரை அள்ளி உம்மாவின் முகத்தில் அடித்தார். மறுகையால் உம்மாவின் கழுத்துப் பட்டனைக் கழற்றினார். பயமும் அழுகையுமாக அவர் போட்ட சத்தம் பார்பிக்யூ அடுப்படிவரை கேட்டது.

"கழட்டுங்க ராத்தா! இந்த வெயிலுக்க இது என்னத்துக்கு? அல்லாஹ் உங்கள இப்பிடிச் சாகச் சொன்னானா? நீங்க கேட்டதாலதானே நான் கொண்டு வந்தன்! நீங்க கேட்டதாலதானே நானும் இதப் போட்டுக்கொண்டு திரியிறன்!"

உம்மா தண்ணீர் சொட்டக் கண்ணைத் திறந்தார். "நான் கேட்டனா? எப்பயடி கேட்டன்?"

"டெலிபோனில கேட்டீங்க! கறுத்தது, மெதுவானது, மினுங்குறது. பெருசு பெருசா. எல்லாப் பொம்புளையளுக்கும்..."

உம்மா தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் ஒரு ஐஸ் துண்டு உருகி வழிந்தது. பிறகு மிக மெதுவாகச் சொன்னார்.

"அடி புள்ள. அது ஈத்தம்பழம்டி."

 முதலில் சிரித்தது சாச்சிதான். சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத ஒன்று. பாயில் புரண்டு சிரித்தார். அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. உம்மாவும் சாச்சியும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு, "நீ போட்டதாலதான் நான் போட்டன்", "நீங்க போட்டதாலதான் நான் போட்டன்" என்று மாறி மாறிச் சொன்னார்கள். மற்றப் பெண்களும் அதையே ஒருத்தியைக் காட்டி ஒருத்தி சொன்னார்கள். பட்டன்கள் கழன்றன. உள்ளே எல்லோரும் நிறத்தோடுதான் இருந்தார்கள். கசங்கிய பச்சை, ஊதா, கத்தரிப்பூ, மஞ்சள். தலையில் முக்காடு அப்படியே இருந்தது. அதை யாரும் எடுக்கவில்லை, எடுக்கச் சொல்லவும் ஆளில்லை.

டொக்டர் மாமி மட்டும் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன எல்லாரும் என்னப் பாக்கிறீங்க?" என்றார். "எனக்கு இது புடிச்சிரிக்கு. வெயிலாவது மழையாவது. இத்தன வருசமும் என்னத்த உடுக்கிற எண்டு காலையில யோசிச்சே களைச்சுப் போனன். நான் இதத்தான் போடப்போறன்."

அவர் சொன்னபடியே செய்தார். எழுபது தாண்டியும் இன்றுவரை அதேபோல ஒன்றைத்தான் உடுத்துகிறார், கிரான்பர்னிலிருந்து தானே கார் ஓட்டிக்கொண்டு வருகிறார். யாருக்காகவும் இல்லை என்று கேட்பவர்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இப்போது புன்னகையோடு நிறுத்திக்கொள்கிறார்.

சத்தம் கேட்டு ஹாஜியார் கையில் இடுக்கியோடு வந்தார். பாயில் குவிந்து கிடந்த கறுப்பையும் சுற்றியிருந்த நிறங்களையும் பார்த்தார். பிறகு வாப்பாவைப் பார்த்தார். வாப்பா இரண்டு கையையும் மேலே தூக்கினார்.

"சத்தியமா நான் அப்பயும் ஒண்டும் செய்யல்ல ஹாஜியார், இப்பயும் ஒண்டும் செய்யல்ல!"

சாச்சி அதற்குள் கடலை நோக்கி நடந்துவிட்டார். ஊதாச் சல்வாரோடு, தலைத் துண்டை இறுக்கி முடிந்துகொண்டு, கழுத்தளவு தண்ணீரில் போய் நின்றார். நானும் பின்னாலேயே ஓடினேன். அலை வந்து மோதும்போதெல்லாம் சின்னப் பிள்ளைபோலக் கூவினார். ஒரு பெரிய ஆள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நான் இன்றைக்கு முக்காடு போடுகிறேன். சில நாள் மறந்தும்விடுகிறேன். இரண்டும் என் இஷ்டம் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கழுத்தளவுத் தண்ணீர்தான் ஞாபகம் வரும்.

மிச்சமிருந்த வாரங்களில் சாச்சி உம்மாவின் அலுமாரியை ஒரு கை பார்த்தார். பக்கத்து வீட்டு அன்ரி உம்மாவைச் சேலையில் கண்டதும் வாப்பாவுக்குக் கையசைத்தார், ஏதோ தன்னால்தான் காரியம் நடந்ததுபோல. எலுமிச்சம்பழம் மறுபடியும் வந்தது. அந்த வருட நோன்பை நாங்கள் கேக்கில் போடும் பைக்கற் பழத்தோடுதான் திறந்தோம்.

இப்போது ஜித்தாவில் அந்தக் கட்டாயம் தளர்ந்துவிட்டது, இளம்பெண்கள் நிறநிறமாகப் போகிறார்கள் என்கிறார்கள். சாச்சி திரும்பி வந்து வசிக்கும் எங்கள் ஊரிலோ தெருவெல்லாம் அபாயா. விரும்பிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அக்கம்பக்கத்தின் வாய்க்குப் பயந்து போடுகிறவர்களும் இருக்கிறார்கள். சாச்சி அங்கே சேலையும் முக்காடுமாக மீன் வாங்கப் போகிறார். என் மகளின் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல என்னால் முடியாமல் போனது பற்றீஸால் மட்டும் இல்லை.

அந்தக் கோடையின் கடைசி நாள் விமான நிலையம். சாச்சி உம்மா பரிசாகக் கொடுத்த மாம்பழ மஞ்சள் சேலையில் நின்றார். வாப்பா பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்தார். உம்மா தங்கையின் கையைப் பிடித்தபடி எதையோ சொல்ல வருவதும் விழுங்குவதுமாக இருந்தார். கடைசி அழைப்பு வந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"புள்ள, அது கைப்பையிலதானே இரிக்கு? அங்க இறங்கிறத்துக்கு முந்திப் போட்டிரு. மறந்து கிறந்து இப்பிடியே இறங்கிராத. என்ன?"

 "இப்பதான் நீங்க மெய்யாவே அபாயா கேக்கிறீங்க" என்றார் சாச்சி.

உம்மாவுக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. சாச்சி தன் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டுச் சிரித்தார். "இறங்கக்குள்ளதானே ராத்தா. அதுமட்டும் ஆகாசம்தானே. அங்க யாருட சட்டமும் இல்ல."

கூட்டத்துக்குள் மஞ்சள் சேலை போய் மறைந்தது. கதவு மூடிய பிறகும் உம்மா அங்கேயே நின்றார். பிறகு திரும்பி வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"நான் சத்தமாத்தானே சொன்னன்? அவளுக்கு முழுக்கக் கேட்டிரிக்கும்தானே?"